ஏசிக் காற்றில் வந்த முடி

முதல் முடி, வேலூரிலிருந்து வந்த ஓர் அம்மாவின் மடியில் விழுந்தது.

அவர் நாகேந்திரனின் டாக்சியில் முன்சீட்டில் உட்கார்ந்து திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தார். சித்தூரைத் தாண்டியதும் வெயில் ஏறியது.

"கொஞ்சம் ஏசி போடுப்பா" என்றார். நாகேந்திரன் போட்டார்.

உடனே காற்று வரவில்லை. ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம்தான் வந்தது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது போல. பிறகு ஈர முடியின் வாசனை. தலைக்குக் குளித்துவிட்டு ஒருவர் நம் பின்னால் வந்து நின்றால் வருமே, அந்த வாசனை.

அதன் பிறகு, காற்று வரும் கம்பிகளுக்கு நடுவிலிருந்து நீளமான முடி ஒன்று நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. கொஞ்ச நேரம் காற்றில் ஆடியது. மெல்ல இறங்கி அந்த அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டது.

"வண்டியை நிறுத்து!"

அவர் சந்திரகிரிக்கு முன்னாலேயே இறங்கி பஸ் ஏறிவிட்டார்.

குடிபாலாவில் இருந்த வீட்டுக்கு வந்து நாகேந்திரன் இதைச் சொன்னபோது, அவர் மனைவி ஷோபா நம்பவில்லை. மகள் நளினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நளினி எப்போதுமே அதிகம் பேசமாட்டாள். பதினோரு வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பின்னல். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பின்னலை முன்னால் இழுத்து, அதன் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொள்வாள். அந்தப் பின்னல் அவளுக்கு ஒரு கதவு மாதிரி.

இரண்டாவது முடி மறுநாள் வந்தது. அதற்கு அடுத்த நாள் மூன்றாவது.

அதோடு வண்டி மலை ஏறவும் மறுத்தது. திருமலைக்குப் போகும் வளைவுகளில் அது திணறியது. எவ்வளவு மிதித்தாலும் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது.

"உக்காந்தது நாலு பேரு" என்றார் நாகேந்திரன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஆனா ஆறு பேரைச் சொமக்கிற மாதிரி மொனகுது. கண்ணுக்குத் தெரியாத ரெண்டு பேரு பின்னால குந்திக்கினு வர்றாங்க."

நளினியின் தம்பி யஸ்வந்துக்கு ஏழு வயது. "அவங்க சீட் பெல்ட் போட்டுக்கினாங்களா நைனா?" என்று கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. ஷோபாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் எழுந்து போய் சாமி படத்தின் முன்னால் நின்றாள்.

"எனக்குப் புரிஞ்சி போச்சி" என்றாள். "இந்த வண்டி வாங்கினப்போ கங்கம்மாகிட்ட வேண்டிக்கினேன். ஒரு வருசம் கீறல் இல்லாம ஓடினா எங்க நளினி முடியைக் குடுக்கிறேன் தாயின்னு. வருசம் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆவுது. மறந்தே பூட்டேன்."

"அதான் தாயி முடியாலயே ஞாபகப்படுத்துறா" என்றார் நாகேந்திரன்.

எல்லாரும் நளினியைப் பார்த்தார்கள். அவள் கை தானாகப் போய்ப் பின்னலைப் பிடித்துக்கொண்டது.

"ஞாயித்துக்கிழம காலைல மொட்டை" என்றாள் அம்மா. "துலுக்காணத்துகிட்ட சொல்லிட்டு வந்துடுங்க."

கங்கம்மா கோயில் தெருமுனையில்தான் இருந்தது. சின்னக் கோயில். முன்னால் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடியில்தான் துலுக்காணம் மொட்டை போடுவார். அவர்கள் சந்தில் கார் நுழையாது என்பதால் வண்டியையும் அதே மரத்தடியில்தான் நிறுத்துவார்கள். நாகேந்திரனுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த ஒரு மாதம் முழுக்க வண்டி அங்கேயேதான் நின்றது.

அம்மா அந்த மூன்று முடிகளையும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். சனிக்கிழமை காலையில் நளினி அதை மெல்ல அவிழ்த்தாள்.

ஒன்று நரைமுடி. ஒன்று மருதாணி போட்டுச் சிவந்த முடி. மூன்றாவது சின்னக் குழந்தையின் முடி. பூனை மயிர் போல மெல்லியது, சுருண்டது.

நளினி தன் பின்னலை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கறுகறுவென்று தடிமனாக இருந்தது.

கங்கம்மா என் முடியைத்தான் கேட்கிறாள் என்றால், எதற்காக இன்னொருவரின் நரைமுடியை அனுப்புகிறாள்?

யோசித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கோயில் மரத்தடிக்குப் போனாள். வண்டியில் ஏறி, முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தாள். வண்டியோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. இங்கிலீஷில் இருந்தது. பாதி வார்த்தை புரியவில்லை. படங்கள் புரிந்தன.

ஒரு படத்தில் அம்புக்குறிகள் இருந்தன. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்து வழியாகக் காற்று உள்ளே நுழைந்தது. டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்குள் போனது. அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை. அதைத் தாண்டித்தான் ஆட்கள் முகத்துக்கு வந்தது. பட்டையின் பெயர் ஃபில்டர். அடுத்த பக்கத்தில் பானெட்டுக்கு அடியில் இன்னொரு ஃபில்டர். அது எஞ்சினுக்கு.

இந்தப் படங்களை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள்.

டிக்கி! ஓடிப்போய்த் திறந்தாள். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகள். வண்டியை விற்ற சித்தூர்க்காரர் விட்டுப்போனவை. என்னவென்று தெரியாமல் நைனா அவற்றைத் தொடவே இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி உள்ளேயே வைத்துவிட்டார். நளினி குங்குமத்தைத் துடைத்தாள். அடியில் அதே மடிப்புப் பட்டையின் படம் இருந்தது.

மதியம் உச்சி வெயில். கோயில் சாத்தியிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நைனாவும் அம்மாவும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். நளினி யஸ்வந்தை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் கையில் டார்ச்.

"உச்சி வேளைல இங்க வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீதுக்கா."

"ரெண்டு நிமிசம்தான்டா. ஆடாம புடி."

எஞ்சின் நின்றிருந்தது. சாவி அவள் பையில் இருந்தது. ஆனாலும் வண்டிக்குள் ஏறியதும் சத்தம் கேட்டது.

கர்ர்... கர்ர்... கர்ர்...

நகத்தால் பிறாண்டுவது போல. உள்ளேயிருந்து.

"அக்கா" என்றான் யஸ்வந்த், மிகவும் மரியாதையாக. "நாம நாளைக்கு வரலாமா?"

நாளைக்கு அவள் தலையில் முடி இருக்காது. நளினி பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

டேஷ்போர்டு டப்பாவில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தாள். புத்தகத்தில் காட்டியபடி, டப்பாவின் இரண்டு பக்கங்களையும் உள்ளே அழுத்தினாள். டக். டப்பா முழுதாகக் கீழே தொங்கியது. பின்னால் ஒரு கறுப்பு மூடி. பிறாண்டும் சத்தம் நின்றது.

உள்ளே இருப்பதும் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

நளினி மூடியின் இரண்டு ஓரத்தையும் விரலால் அமுக்கி இழுத்தாள். அது கையோடு வந்தது. உள்ளே இருந்த ஃபில்டரின் விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பாதிவரை வந்தது. ஈர முடியின் வாசனை முகத்தில் அடித்தது.

ஃபில்டருக்கு மேலே ஒரு தலை இருந்தது.

மாங்காய் அளவுக்குச் சின்னத் தலை. உருண்டையாக, தலை நிறைய முடியோடு. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

டார்ச் கீழே விழுந்தது. "தலை! தலை!" என்று கத்திக்கொண்டே யஸ்வந்த் தெருவில் ஓடினான்.

நளினிக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் தொங்கிய டப்பாவுக்கு அடியில் அவள் கால் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலை அசைந்தது.

மெல்ல, மிக மெல்ல, முடிக்கு நடுவில் ஒரு பிளவு விழுந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் பளபளவென்று அவளைப் பார்த்தன.

"கீச்!"

முதுகில் மூன்று கோடுகளோடு ஓர் அணில் அவள் தோளில் குதித்து, பின்னலைப் பிடித்து இறங்கி, கதவு வழியாகப் பாய்ந்து மரத்தில் ஏறிவிட்டது.

நளினி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். விட்டு விட்டுச் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நைனா வேப்பிலைக் கொத்தோடு ஓடி வந்தார். பின்னால் அம்மா. அதற்கும் பின்னால் துலுக்காணம். அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு யஸ்வந்த்.

"தொடாதடி!" என்று அலறினாள் அம்மா.

நளினி இரண்டு கைகளிலும் அந்த முடி உருண்டையை ஏந்திக்கொண்டு இறங்கினாள். "தலை இல்லம்மா. வீடு. அணில் கட்டின வீடு."

துலுக்காணம் குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு முடியாக விலக்கினார்.

"அடடே! இந்த நரை, ரிட்டயரான டீச்சரம்மாவோடது. இந்தச் செவப்பு, கார்வேட்டிநகரத்திலேர்ந்து வந்த அம்மாவோடது. இது நம்ம ரங்கன் பேரனுக்குப் போட்ட மொத மொட்டை. எல்லாம் நான் எடுத்த முடி!"

"முடியைப் பார்த்தே ஆளைச் சொல்லுவியா?" என்றார் நைனா.

"மூஞ்சி மறந்துடும் நாகேந்திரா. தலை மறக்காது. தண்ணி தெளிச்சி செரச்சதும் கூட்டி மூட்டைல போடறதுக்குள்ள பாதி காணாம பூடும். காத்து தூக்கிக்கினு போவுதுன்னு நெனச்சேன். இந்தக் கள்ளிதானா!"

நளினி பழைய ஃபில்டரை முழுதாக வெளியே எடுத்துக் காட்டினாள். மண்ணும் வேப்பம்பூவுமாக அடைத்திருந்தது. நடுவில் அணில் கடித்த ஓட்டை. "நைனா, நீ படுத்துக்கினு இருந்தப்போ கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சந்து வழியா உள்ள பூந்திருக்குது. இந்த ஓட்டை வழியாத்தான் முடி வந்துச்சி. அந்த ஸ்ஸ்ஸ் சத்தமும் இதுதான்."

அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

அறைக்குள் ஒட்டியிருந்த குப்பையைத் துணியால் துடைத்தாள். பழைய ஃபில்டரின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி கீழே பார்த்திருந்தது. அதே மாதிரி புது ஃபில்டரின் அம்புக்குறியும் கீழே பார்க்கும்படி தள்ளி, மூடியைப் போட்டு, டப்பாவை மாட்டினாள்.

"சாமிப் பொருள்னு நெனச்சி கற்பூரம் காட்டினேனே" என்று முணுமுணுத்தார் நைனா.

"காட்டினது தப்பில்ல நைனா. கூடவே மாட்டியும் இருக்கணும். இப்ப பானெட்டைத் தெற."

நாகேந்திரன் முன்பு கரும்பு வெட்டியவர். போன வருடம்தான் டாக்சி எடுத்தார். ஓட்டத் தெரியும், பானெட்டுக்குள் கைவிட பயம். ஆனால் மகளே இவ்வளவு செய்த பிறகு பயப்பட வெட்கமாக இருந்தது. நளினி காட்டிய கறுப்புப் பெட்டியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்த ஃபில்டர் கறுப்பாக, கம்பளம் போலத் தூசி படிந்து கிடந்தது.

"எஞ்சின் இது வழியாத்தான் மூச்சு வுடணும்" என்றாள் நளினி.

"இது வழியாவா?" நைனா ஃபில்டரை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். துளி வெளிச்சம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. "பாவம், மூக்கைப் பொத்திக்கினே மலை ஏறியிருக்குது."

"அப்ப பின்னால குந்தியிருந்த ரெண்டு பேரு?" என்று கேட்டான் யஸ்வந்த்.

"அவங்க இறங்கிட்டாங்கடா."

பெட்டியைத் துடைத்து, குழாய்க்குள் தூசி விழாமல் பார்த்து, புது ஃபில்டரை வைத்து நைனா கிளிப்புகளைப் போட்டார். டக், டக், டக், டக். சாவியைத் திருப்பினார். ஏசியைப் போட்டார்.

ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பிகளையே பார்த்தார்கள்.

காற்று வந்தது. வெறும் காற்று.

நைனா ஏரிக்கரை மேட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது முகமெல்லாம் பல். "கன்னுக்குட்டி மாதிரி ஏறுது!"

நளினி அணிலின் வீட்டை மரத்தின் கவையில் பத்திரமாக வைத்தாள். அப்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நாளைக்கி? தாயி கேக்கலைன்னாலும் நான் வேண்டிக்கினது வேண்டிக்கினதுதானே?"

மறுபடி எல்லாரும் நளினியைப் பார்த்தார்கள். அவள் பின்னலைத் தேடவில்லை.

"நீ சொன்ன வார்த்தை இருக்கட்டும்மா. ஆனா தலை என்னோடது. திருமலையில பொம்பளைங்க மொட்டை போடாம, நுனியில மூணு கத்தரி மட்டும் வெட்டிக் குடுக்கிறாங்க இல்ல? நானும் மூணு கத்தரி குடுக்கிறேன். கங்கம்மா வேணாம்னா சொல்லுவா?"

அம்மா துலுக்காணத்தைப் பார்த்தாள்.

"தாயி இன்னா, தராசு வெச்சிக்கினா குந்தினு கீறா?" என்றார் அவர். "மூணு கத்தரி போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் நளினி உட்கார்ந்தாள். சரக், சரக், சரக். பின்னலின் நுனியிலிருந்து மூன்று சிறு கொத்துகள் மண்ணில் விழுந்தன. துலுக்காணம் துடைப்பம் எடுக்கத் திரும்பினார்.

அவர் திரும்பி வரும்போது இரண்டு கொத்துகள்தான் இருந்தன.

"அதோ!" என்றான் யஸ்வந்த்.

அணில் வாயில் கறுப்பு மீசை வைத்தது போல நளினியின் முடியைக் கவ்விக்கொண்டு நின்றது. மரத்துக்குப் போகவில்லை. கோயில் வாசலில் ஒரு கணம் நின்று, நளினியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கம்பிக்கதவுக்குள் நுழைந்து, இருட்டில் இருந்த கங்கம்மாவின் பின்னால் போய் மறைந்தது. உள்ளே விளக்கு ஒரு முறை ஆடியது.

அம்மாவின் கைகள் தானாகக் குவிந்தன.

"வாங்கிக்கினா" என்றாள் மெல்ல.

"அணில்தாம்மா அது" என்றாள் நளினி. ஆனால் அவளும் மெல்லத்தான் சொன்னாள்.

நைனா சாவியை எடுத்துக்கொண்டு போய், வண்டியை வேப்பமரத்திலிருந்து நூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு வந்தார்.