மணிக்கு அறுநூறு மீட்டர்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நடைத்தளை இரண்டு முறை அதிர்ந்தது. துஷ்யந்த் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, குனிந்து கணுக்காலில் பூட்டியிருந்த அந்தத் தளையில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தார். போன வாரம் மணிக்கு 2.8 கிலோமீட்டர். இந்த வாரம் 0.6. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

பத்து மாதமாக அந்த எண்தான் அவருக்கு எஜமான். லாரிகள் தாமாகவே ஓடும் காலத்தில், சீக்கிரம் வீடு போகும் ஆசையில் தன்னோட்டியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டிய புத்திசாலி அவர். பெருந்துறை ரோட்டில், மழையில், ஒரு ஸ்கூட்டரை இடித்துத் தள்ளினார். ஸ்கூட்டரில் வந்த மிருதுளாவுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. வீட்டில் அவளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட வழக்குகள் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டே போகுமாம். இப்போது சமவேகச் சட்டம் வந்துவிட்டது. அடிபட்டவர் எழுந்து நடக்கும்வரை இடித்தவருக்குச் சிறை. முதல் அடி வைத்ததும் வெளியே விடுவார்கள். ஆனால் வண்டி ஏறக் கூடாது. அடிபட்டவரின் காலில் உள்ள பட்டை சொல்லும் வாரச் சராசரி வேகத்தைத் தாண்டியும் நடக்கக் கூடாது. தாண்டினால் தளை சத்தம் போடும்; மூன்று முறை தாண்டினால் மறுபடி சிறை. எண் சுழிக்கு இறங்கினாலும் சிறை. நான்கைத் தொட்டால் விடுதலை.

"ஏனுங்க, எண்ணு இப்படி விழுந்து கெடக்குது? வக்கீலக் கூப்பிடட்டுங்களா?" என்றாள் மனைவி சுபிக்‌ஷா.

"வேண்டாம். அந்தப் பொண்ணு மறுபடி விழுந்துருச்சோ என்னமோ. நேர்ல போயிப் பாத்துட்டு வந்தர்றேன்."

"இத்தன மாசமாப் போகல. இப்பப் போயி என்னன்னு சொல்லுவீங்க?"

அது அவருக்கும் தெரியவில்லை. போகக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு போவது என்றுதான் போகாமல் இருந்தார்.

ஒன்றேகால் கிலோமீட்டர் தூரம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேக்கரி வாசலில் படுத்திருந்த நாய்கூட அவரை ஏற இறங்கப் பார்த்தது. பாதி வழிவரை சிறையைத்தான் நினைத்து நடுங்கிக்கொண்டு நடந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியபின் சிறை மறந்துபோய், அவள் கட்டிலில் கிடப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. ஐயோ பாவம், அவள் எழுந்து நடந்தால் போதும், என் எண் எப்படியோ போகட்டும் என்று இருந்தது.

கேட் திறந்திருந்தது. முற்றத்தில் மிருதுளா குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை தத்தித் தத்தி வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்து, அடையாளம் கண்டுகொண்டாள். "என்னுங்க, இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கீங்க?"

"எண்ணு ரொம்ப எறங்கிருச்சுங்க. உங்களுக்கு மறுபடி முடியாமப் போச்சோன்னு..."

அவள் அவருடைய கணுக்காலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அடக் கடவுளே. பாப்பா போன திங்கக்கிழமதாங்க நடக்க ஆரம்பிச்சா. வாரம் பூரா இவகூடவேதான் நடந்தேன். சத்தியமா உங்க ஞாபகமே வரலீங்க."

துஷ்யந்த் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முழுசாக ஒரு வாரம் அவள் தன்னை மறந்திருந்தாள் என்பதைவிட நல்ல செய்தி அவருக்கு இந்தப் பத்து மாதத்தில் வந்ததில்லை.

குழந்தை அம்மாவின் விரலை விட்டுவிட்டு அவரை நோக்கித் தள்ளாடி வந்து, அவருடைய சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டது. அவர் பயந்துபோய் மிருதுளாவைப் பார்த்தார்.

"புடிச்சுக்குங்க," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்களாட்ட மெதுவா நடக்கற ஆளுதான் இவளுக்குச் சரி. நான் தெருமுன வரைக்கும் நாலு நட வேகமாப் போயிட்டு வந்தர்றேன். இந்த வாரமாவது உங்க எண்ணு ஏறட்டும்."

கையை வீசிக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனாள். துஷ்யந்த் குழந்தையோடு முற்றத்தில் ஓரடி, பிறகு இன்னோரடி நடந்தார். தளை சத்தம் போடவில்லை.