கப்பல் கதவுக்குள் ஒரு சுத்தியல்

கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் செல்வங்களே. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பட்டப்பகலில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

ஐம்பத்தாறாம் வருடம். மலைக்கோட்டைக்குக் கீழே, நாகல் நகரில் சடையாண்டி பூட்டுப் பட்டறை வைத்திருந்தான். தூத்துக்குடியில் உடைத்த ஓர் எஃகுப் பாய்மரக் கப்பலின் கதவு விலைக்கு வர, அதை வாங்கிவந்து, தகடு வைக்கும் அறைக்கு மாட்டினான். தண்ணீர் புகாது, காற்றும் புகாது. வெளியே ஒரு திருகுதாழ். உள்ளே கைப்பிடிகூடக் கிடையாது.

மாட்டிய நாளிலிருந்தே அந்த அறையில் தாரும் உப்பும் மணத்தன. கடலோ நூறு மைல் தள்ளி.

ஒருநாள் காலை, பேகம்பூர் சேக் பரீது ராவுத்தர் பூட்டு வாங்க வந்தார். பழைய கப்பல்காரர். கதவைக் கண்டதும் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார்.

"இது எங்க கப்பல் கதவாச்சே, அப்பு."

"கப்பலா ஓட்டுனீக ராவுத்தரே? மலைக்கோட்டையச் சுத்தியா?" என்று சிரித்தான் சடையாண்டி.

"நாலு பாய்மரம். கப்பலும் எஃகு, மரமும் எஃகு. இஞ்சின் இல்ல, காத்துதான். பாய் கட்டுற குறுக்குமரத்துல வயித்த அழுத்தி, ஒரு கையில பாயச் சுருட்டுவோம், மறு கையில உசுரப் பிடிச்சுக்கிருவோம். காத்து ஓஞ்சா அம்புட்டுப் பேரும் சுத்தியலோட துரு தட்டணும். உப்புத்தண்ணி இரும்ப விடாதுல்ல. எங்க கூட்டாளி முனியப்பன் இந்தக் கதவுக்குள்ள துரு தட்டத்தான் போனான். எவனோ பாக்காமத் தாழத் திருகிட்டான். உள்ள இருந்து தட்டுனான். வேலை பாக்குறான்னு நெனச்சோம்."

ராவுத்தர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சாயந்திரம் வரைக்கும் தட்டுனான்."

சடையாண்டியின் சிரிப்பு நின்றது. சற்றுமுன் அந்தக் கதவு திறந்து கிடக்க, தூசி போகுமே என்று அவன்தான் சாத்தித் தாழைத் திருகியிருந்தான்.

"ஏலே, மாயம்மா எங்க?"

"அக்கா தகடெடுக்க உள்ள போச்சே," என்றான் அரத்தால் அராவிக்கொண்டிருந்த பட்டறைப் பையன் பொம்மையன்.

மாயம்மாள் சடையாண்டியின் மனைவி. சாவிக்குப் பல் வெட்டுகிறவள்.

பட்டறையில் ஆறு சுத்தியல்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்கடா!"

ஆறும் நின்றன.

கதவுக்குள் சத்தம் நிற்கவில்லை.

டங். டங். டங்.

மாயம்மாள் கையில் சுத்தியல் கிடையாது.

காலையில் எண்ணெய் போட்ட தாழ், துருவேறி இறுகியிருந்தது. கடப்பாரை வளைந்தது. தாழ் அசையவில்லை.

ராவுத்தர் கதவில் நெற்றியை வைத்தார். கிசுகிசுத்தார்.

"முனியப்பா... அன்னைக்குத் தாழத் திருகுனது நான்தான்டா."

சுத்தியல் நின்றது.

தாழ் தானாகச் சுழன்றது.

மாயம்மாள் மட்டும் வெளியே வந்து விழுந்தாள். நனைந்த சேலையில் உப்புப் பூத்திருந்தது.

"இருட்டுல ஒருத்தர் பக்கத்துல நின்னு தட்டுனாரு," என்றாள். "எனக்குக் கை ஓஞ்சுபோச்சு. 'நீ உக்காரு தாயி, ரெண்டு பேருக்கும் நானே தட்டுறேன்'னாரு."

அன்றே கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அதற்குப் பின்னால் இப்போது அறை இல்லை, வெறும் சுவர்தான்.

ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு ஆறு சுத்தியல்களும் ஓய்ந்தபின், அந்தக் கதவுக்குள் ஏழாவது ஒன்று ஓய்வதில்லை.

உங்கள் வீட்டில் யார் தட்டினாலும் கேட்க ஒரு காது இருக்கட்டும், கண்ணுகளா. உள்ளே போனவர்களெல்லாம் பொழுதோடு வெளியே வரட்டும். நன்றாயிருங்கள்.