ஆனைக்கொட்டில் பிள்ளைகள்

மேற்றிசைக் குன்றுகளுக்குப் பின்னே கதிரவன் இறங்கிவிட்டான். அவன் விட்டுச்சென்ற செம்மை கரையுமுன்னரே கீழ்வானில் முழுமதி எழுந்துவிட, நீலவாற்றின் அகன்ற நீர்ப்பரப்பு ஒரு பாதி குருதியாகவும் மறுபாதி வெள்ளியாகவும் தோற்றமளித்தது. தென்கரையில் மருதங்கோட்டையின் கருங்கல் மதில்கள் இருண்டு நின்றன. வடகரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூவிள நாட்டுப் படையின் பாசறைத் தீக்கள் ஒவ்வொன்றாய்ச் சுடர்விடத் தொடங்கியிருந்தன.

இந்த அழகில் மயங்கி நிற்க நமக்கு நேரமில்லை, வாசக அன்பர்களே. மதிலுக்கு வெளியே, ஆற்றையொட்டிய பழைய ஆனைக்கொட்டிலின் பின்புறத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆடவனும் சிறு குழியொன்றை மண்ணிட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எயினி; சிற்றரசர் கலகத்தில் மாண்ட படைத்தலைவர் ஒருவரின் மகள். அதே கலகத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் திரட்டி, ஆனைகள் இல்லாமற்போன அந்தக் கொட்டிலில் வைத்துக் காத்துவந்தாள். அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வந்த நெல் கோடைத் தொடக்கத்தில் குறைந்தது. பின்பு நின்றே போயிற்று; பிள்ளைகள் ஒவ்வொருவராய்ப் பசியால் மாளத் தொடங்கினார்கள். அவன் கீரன், குதிரை வாணிகன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். வந்த நாள் முதல் பிள்ளைகளுக்குத் தண்ணீர் சுமந்தான், காட்டில் கிழங்கு தோண்டினான், பொன்னாத்தாள் என்ற சின்னஞ்சிறுமியைத் தோளைவிட்டு இறக்காமல் திரிந்தான். அவன் காலடி ஓசை கேட்டால் எயினியின் முகம் மலரும். அதை அவன் அறிவான். அவனும் அதற்காகவே விடியலை எதிர்பார்ப்பான்.

"அவை கூடியிருக்கிறது. கூவிள நாட்டுத் தூதர் வந்திருக்கிறாராம். என்னையும் அழைத்திருக்கிறார்கள்" என்றாள் எயினி, கை மண்ணைத் தட்டியவாறே.

"யார் பக்கம் பேசப் போகிறீர்கள்?"

"சோற்றின் பக்கம்."

மன்னர் நோயில் கிடந்தார். அவர் பெயரால் நாட்டை ஆண்ட அமைச்சர் நாகமாராயரும் சேனாபதி விடங்கரும் அவையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருந்தார்கள். தூதர் தேன் குழைத்த குரலில் பேசினார்: "இந்நாட்டுக் குழந்தைகள் பசியால் மாள்வதைக் கேட்டு எங்கள் வேந்தர் கண்டவேள் கண்கலங்கினார். ஆற்றைக் கடக்க இசைவு தாருங்கள். கலகத்தையும் அடக்குவோம், குழந்தைகளையும் காப்போம்."

"வரட்டும். கலகக்காரர்களை அடக்க நம்மிடம் ஆளில்லை" என்றார் சேனாபதி.

"அயலான் படை ஒருமுறை உள்ளே வந்தால் திரும்பிப் போகாது" என்று சீறினார் அமைச்சர். "அவர்கள் நம் பிள்ளைகள். வாழ்ந்தாலும் மாண்டாலும் நம் கொடியின் கீழேதான்."

எயினி எழுந்தாள். "நம் பிள்ளைகள் என்றீர்கள், அமைச்சர் பெருமானே. களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள்."

"அது முற்றுகைக்கு வைத்த நெல், அம்மா. மதில் காக்கும் வீரர்கள் உண்ண வேண்டாமா?"

அவள் தூதரிடம் திரும்பினாள். "தங்கள் வேந்தர் கண்கலங்கினார் என்றீர்கள். படை வேண்டாம். நாலு படகு அரிசி மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்."

தூதர் புன்னகைத்தார். "படைக்குப் பின்னால்தான் அரிசி வரும், நங்கையே."

வாதம் தொடர்ந்தது. அவள் வெளியேறியதை அங்கு எவரும் கவனிக்கவில்லை.

கொட்டிலுக்குத் திரும்பிய அவளிடம் நடந்ததைக் கேட்ட கீரன் ஆற்றின் பக்கம் கைகாட்டினான். "எயினி, பிள்ளைகளோடு வடகரைக்கு வந்துவிடுங்கள். நான் ஒரு சொல் சொன்னால் அரிசி கிடைக்கும்."

"குதிரை வாணிகர் சொல்லுக்கா?"

அவன் இடைக்கச்சையிலிருந்து முத்திரை மோதிரத்தை எடுத்தான். நிலவொளியில் கூவிள நாட்டு எருது அதில் மின்னியது. "என் பெயர் அமரவேள். கண்டவேளின் தம்பி. கோட்டையின் வலிமையை உளவறிய வந்தேன். தங்களைக் கண்ட பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை."

எயினி மோதிரத்தைப் பார்க்கவில்லை. சற்று முன் மூடிய குழியைப் பார்த்தாள். "ஒரு சொல் போதும் என்றீர்கள். கோடை முழுவதும் அந்தச் சொல் உங்களிடம் இருந்ததா?"

"இருந்தது."

"ஏன் சொல்லவில்லை?"

"அரிசி வந்துவிட்டால் படை வரக் காரணம் இராது என்று அண்ணன் தடுத்தார். நானும் இணங்கிவிட்டேன்."

அவள் அழவில்லை. கொட்டிலில் எஞ்சியிருந்த பாகர்கள் இருவரை அழைத்து ஆனைச் சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னாள். அமரவேள் தன் வாளைத் தானே கழற்றி வைத்தான்.

"பிள்ளைகளுக்கு அமைச்சரிடமும் நெல் இல்லை, உம் தமையனிடமும் இல்லை. உமக்காக என்றால் இருக்கும், இளவரசே. அமைச்சரிடம் ஒப்படைத்தால் உம்மை வைத்து நாட்டெல்லைக்குத்தான் பேரம் பேசுவார். ஆகையால் இங்கேயே இரும். இவர்கள் உண்பதை உண்ணும்."

மோதிரம் ஒரு செம்படவன் கையில் எயினியின் செய்தியோடு வடகரை போயிற்று: அரிசிப் படகுகள் மட்டும் வர வேண்டும், ஒரு வீரன் ஏறினாலும் தம்பியை உயிரோடு காண முடியாது.

அவர்கள் உண்டது புளியங்கொட்டைக் கஞ்சி. தன் பங்கை அமரவேள் பொன்னாத்தாளுக்கே ஊட்டப் பார்த்தான். அவள் விழுங்கும் நிலையைக் கடந்திருந்தாள். படகுகள் வந்த நாளின் விடியலில், சங்கிலியிட்ட அவன் கால்மேல் தலைவைத்தபடியே அவள் மூச்சு அடங்கியது. உச்சிப்பொழுதில் அரிசி இறங்கிற்று.

கோட்டைக்குள் முரசு அறைந்தார்கள்: அமைச்சரின் உறுதிக்கு வடகரை பணிந்ததாம். வடகரையிலும் முரசு அறைந்தார்கள்: வேந்தரின் கருணை ஆற்றைக் கடந்ததாம்.

விடுவிக்கப்பட்ட அமரவேள் தன் கையாலேயே குழி தோண்டி அந்தச் சிறுமியை அடக்கம் செய்தான். பின்பு அந்த மண்ணை அள்ளி எயினியின் முன் நின்றான்.

"இந்த மண்மீது ஆணை. என் உடலில் உயிருள்ள மட்டும் தமையன் படை இந்த ஆற்றைக் கடக்காது. கடந்தால் முதல் வாள் என்மேல் பாய்ந்திருக்கும்."

"படகு காத்திருக்கிறது" என்றாள் எயினி.

அவன் போனான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை என்று அந்நாட்டுப் பாணர்கள் பின்னாளில் பாடினார்கள். பார்த்தாள், அன்பர்களே. படகு வடகரையைத் தொடும்வரை அசையாமல் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பந்திக்கு இலை போடச் சொன்னாள்.