துடைக்கத் துடைக்க

குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜாய்ஸுக்கு உறைத்தது: அலைச் சத்தம் கேட்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து, சமையலறையில் நின்றால் அந்தச் சத்தம் இருக்கும். மிக்ஸி ஓடும்போதும் டிவி அலறும்போதும் அதற்கடியில் அது இருந்துகொண்டே இருக்கும். பின்கதவைத் திறந்து பார்த்தாள். சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல் இருந்தது. அசைந்துகொண்டும் இருந்தது. ஆனால் எதுவும் எழும்பி உடையவில்லை. கனமான போர்வைக்கடியில் யாரோ புரண்டு படுப்பது போல மெல்லத் தூக்கி, மெல்ல அமுங்கியது. காற்றில் பெட்ரோல் பங்க் வாடை. அதற்குள் வேறு எதுவோ, கருகிப்போன எதுவோ.

எண்ணெய் கரைக்கு வந்து சில நாளாகிவிட்டது. மாமல்லபுரத்துக்குக் கிழக்கே, முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பாதி எரிந்த டேங்கர் ஒன்று மூழ்கிக் கிடந்தது. மேற்கே வளைகுடாவில் நடக்கும் சண்டையில் ட்ரோன் அடித்த கப்பல். யார் எண்ணெய் யாருக்குப் போகக் கூடாது என்பதுதான் சண்டையே என்று டிவியில் பேசினார்கள். எரிந்து அடங்கிய பிறகும் அதன் வயிற்றில் பெரும்பகுதி எண்ணெய் மிச்சமிருந்தது. விட மனசில்லாமல் யாரோ அதை வாங்கி, இழுவைக் கப்பலில் கட்டி, இலங்கையைச் சுற்றி இந்தப் பக்கம் இழுத்து வந்தார்கள். எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. புயலில் கம்பி அறுந்தது.

ஜாய்ஸின் கணவன் ராஜேந்திரன் போனதும் அப்படியொரு டேங்கருக்குத்தான். எஞ்சின் ரூமில் வேலை. "ஜலசந்திய தாண்டசொல்ல லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிடுவாங்க, நானும் போன ஆஃப் பண்ணிடுவேன், பயப்படாத," என்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு. பிறகு அவனைக் கப்பலுக்கு அனுப்பிவைத்த ஏஜெண்டு வந்து வாசலில் நின்றபடியே சொன்னான். தீப்பிடித்தது. மேல்தளத்தில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். எஞ்சின் ரூம் கதவு சூட்டில் இறுகிக்கொண்டது. திறக்க முடியவில்லை.

"அது மாமா கப்பல்தான்னு சொல்ல முடியாதுக்கா," என்றான் அவள் தம்பி பெஞ்சமின். மீன்பிடிப் படகில் போனவர்கள் எடுத்த படத்தைத் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேரை சுரண்டிட்டு மேல வேற பேரு எழுதிகீறானுங்க. ஒண்ணும் படிக்க முடியல."

"இழுத்துகினு வந்தவங்க உள்ள போயி பாத்தாங்களாடா?"

அவன் போனை அணைத்தான். "எண்ணெய் கீதான்னு பாத்திருப்பானுங்க."

பெஞ்சமின் எண்ணெய் அள்ளும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் மக்கு, வாளி, கோணிப்பை. அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள். அள்ளிய இடத்திலேயே மறுபடி வந்து படிந்தது. செத்து ஒதுங்கிய ஆமைகளை முதலில் புதைத்தார்கள். பிறகு அதற்கும் ஆளில்லை. பொழுது சாயும்போது அவன் உடம்பெல்லாம் கருப்பாக வந்து, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் முதுகைக் காட்டி உட்காருவான். ஜாய்ஸ் தேங்காய் எண்ணெயில் பழைய துணியை நனைத்துத் துடைத்துவிடுவாள். அதன் பிறகு சோப்பு. மாநிறத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்கு மூச்சு இலகுவாகும்.

அன்றைக்கு மழை மூட்டத்தில் வெளிச்சம் சீக்கிரமே போய்விட்டது. அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது பின்பக்கத் தகரப் படல் கிறீச்சிட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். கல்லில் உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தது. முன்பு எப்போதும் இல்லாத கருப்பு. காது எது, முடி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எண்ணெய்ப் பாட்டிலையும் கிழிந்த லுங்கியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாடா இது, உள்ளயே வுழுந்துட்டியா? இப்டியா அப்பிகினு வருவ?"

களைப்பு, என்று நினைத்துக்கொண்டாள். நேற்றும் அவன் பேசவில்லை.

கழுத்துக்குக் கீழே துணியை வைத்தாள். சூடு துணியைத் தாண்டிக் கைக்கு வந்தது. வெயிலில் நின்றவனின் சூடு இல்லை அது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தின் சூடு.

"ஜுரமாடா?"

துடைத்தாள். துணி கருப்பாயிற்று. மடித்து மறுபக்கத்தால் துடைத்தாள். துடைத்த இடம் கருப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வாடை தொண்டையில் ஒட்டியது. ரப்பர் எரிந்த வாடை. மயிர் எரிந்த வாடை.

"வாயத் தொறந்து பேசேண்டா."

"தேய்."

குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழப்பான குரல்.

சமையலறையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. உள்ளே போய், நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, நான் வர லேட்டாவும்," என்றான் பெஞ்சமின். "புதுப்பட்டினத்துல கீறேன், டாக்டராண்ட. கண்ணு ஒரே எரிச்சல், பேஜாரா பூட்ச்சி. நீ சாப்ட்டு படுத்துக்கோ."

திறந்திருந்த கதவு வழியே கல் தெரிந்தது. அந்த முதுகு தெரிந்தது.

"அக்கா? லைன்ல கீறியா?"

"கீறேன்."

"இன்னா ஒரு மாதிரி பேசற?"

அந்த வலது தோள் சற்றே இறங்கியிருந்தது. எதிரே ஆள் இருப்பதே தெரியாமல் சாப்பாட்டுத் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவனின் தோள். பெஞ்சமினுடையது அப்படி இருக்காது. அப்படி உட்காருகிறவன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லடா," என்று போனை வைத்தாள்.

கதவின் தாழ்ப்பாளில் கை இருந்தது. சாத்தியிருக்கலாம். சாத்திவிட்டுத் தெருப்பக்கம் ஓடியிருக்கலாம். ஆனால் கை தாழ்ப்பாளை விட்டுவிட்டது.

வெளியே போனாள். அருகில் போனாள்.

"இன்னாங்க?"

தலை இன்னும் குனிந்தது.

"கதவு தொறக்கல, ஜாய்ஸு."

பாட்டிலைக் கவிழ்த்தாள். இருந்த எண்ணெய் முழுவதையும் அந்த முதுகில் ஊற்றினாள். துணியை வீசிவிட்டு இரண்டு கையாலும் தேய்த்தாள். எங்கேயாவது தோல் வரும். கொஞ்சூண்டு வந்தால் போதும். ஒரு விரல் அகலம் போதும். சுட்டது. பொருட்படுத்தவில்லை. அழுதுகொண்டே தேய்த்தாள். கருப்பு வழிந்தது. அதற்கடியில் கருப்பு. அதற்கும் அடியில் கருப்பு.

விரல்கள் உள்ளே போயின.

மணிக்கட்டுவரை போயின. எலும்பு இல்லை. எதுவும் தட்டுப்படவில்லை.

கையை இழுத்தாள். தோள் கூடவே வந்தது. கையிலிருந்து வழிந்து, கல்லில் சொட்டி, சாக்கடைப் பக்கம் ஓடியது. வேண்டாம், என்று அதை அள்ளினாள். அள்ளி மறுபடி வைத்தாள். நிற்கவில்லை. கழுத்து சரிந்தது. முகம் ஒரு தடவை அவள் பக்கம் திரும்ப முயன்றது. திரும்புவதற்குள் முகம் இல்லை.

அவளே துடைத்துவிட்டாள்.

கல் மட்டும் இருந்தது. கல்மேல் சூடு ஆவியாகப் பறந்துகொண்டிருந்தது. அவள் மண்ணில் உட்கார்ந்தாள். முழங்கைவரை கருப்பாகியிருந்த கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

படல் கிறீச்சிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். சவுக்குத் தோப்பில் மரங்கள் நெருக்கமாகத் தெரிந்தன. இருட்டில் அப்படித்தான் தெரியும். ஆனால் மரங்களுக்கு நடுவே நின்றவற்றுக்குக் கிளைகள் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீர்வரை. கீழே கைகள் தொங்கின. விரல் நுனிகளிலிருந்து மெதுவாகச் சொட்டியது.

யாரும் அவசரப்படவில்லை.

முன்னால் நின்றவன் படலைத் தாண்டி வந்தான். சின்ன உடம்பு, யாரோ வீட்டுப் பையன். கல்லில் உட்கார்ந்தான். முதுகை அவள் பக்கம் திருப்பி, தலையைக் குனிந்துகொண்டான்.