ஒற்றைத் துளை

மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய சின்னதுரை நேரே ராஜாம்பாள் வீட்டுக்கு வந்திருந்தார். கோர்ட்டில் முப்பது வருஷம் பழைய ஆவணங்களைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர் ராஜாம்பாள். கள்ளக்குறிச்சியில் காகிதத்தில் சிக்கல் என்றால் அவரைத்தான் தேடுவார்கள். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கலையரசன், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டான்.

“எங்கண்ணன் முருகவேல் மேல கேஸ் குடுக்கணுங்க. தாத்தா காயிதத்துல பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டை போட்டு வெச்சிட்டாரு.”

சின்னதுரை நீட்டியது, தாத்தா பெரியண்ணனைப் பட்டாளத்திலிருந்து விடுவித்த சான்று. சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு மூன்றரை வருஷம் கைதியாக இருந்தவர் அவர். முகாமிலிருந்து அனுப்பிய அட்டை ஒன்றும் கூடவே இருந்தது. சின்னதுரையின் மகள் இசைவாணிக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பழைய ஆதாரம் கேட்கிறார்கள். சாதி எழுதியிருந்த இடத்தில்தான் அந்த ஓட்டை.

“அண்ணன் மேல ஏன் சந்தேகம்?” என்றார் ராஜாம்பாள்.

“அத வெளிய எடுக்காதன்னு போன மாசமே சண்டை போட்டாருங்க. அவரு புள்ளைக்கு சர்டிபிகேட் கெடைக்கல. திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடக்கறான். எம்பொண்ணு படிச்சிடுவாளேன்னு வயித்தெரிச்சல்.”

ராஜாம்பாள் காகிதத்தை மேசையில் விரித்துக் கையை எடுத்தார். அது தானாகச் சுருண்டுகொண்டது.

“மூங்கில் குழாய்லதாங்க இருந்துச்சு. தாத்தா காலத்துலேர்ந்து.”

“மலைக்குப் போலாம்” என்றார் அவர்.

மத்தியானம் சின்னதுரை வீட்டில் எல்லோரும் கூடினார்கள். கூப்பிட்டதற்காக வந்த முருகவேல், உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

ராஜாம்பாள் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி, கோணி ஊசியால் குத்தி விரித்துக் காட்டினார். வரிசையாக ஓட்டைகள்.

“பூச்சி சுருளத் துளைச்சா இப்படித்தான் இருக்கும். இதுல ஒரே ஓட்டை. ஓரமும் அரிக்கல. விரிச்சு வெச்சு கையால பண்ணது.”

“அப்ப முருகவேல்தான்!” கலையரசன் துள்ளினான்.

“அவரு இங்கிலீஷ் படிப்பாரா?” என்று கேட்டார் ராஜாம்பாள்.

“அவரு பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க” என்றார் சின்னதுரை.

“பக்கமெல்லாம் இங்கிலீஷ். பக்கத்து எழுத்து ஒண்ணுகூடச் சேதமாகாம, அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்திருக்காங்க. படிக்கத் தெரிஞ்சவங்கதான்.”

அந்த வீட்டில் ஆங்கிலம் படித்தவள் ஒருத்திதான். இசைவாணி தலையை நிமிர்த்தவில்லை.

“அதுல நம்ம சாதியே இல்லப்பா. மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டு சாதி ஒண்ணு எழுதியிருந்துச்சு. ஹேர்பின்னால நான்தான்...”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“தாத்தா காயிதம் இருக்கு, எவன் தடுப்பான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே.”

முருகவேல் அப்போதுதான் வாயைத் திறந்தார். “பட்டாளத்துக்கு ஆள் புடிச்ச ஏஜெண்டு, லாரில ஏத்துன அத்தினி பேருக்கும் ஒரே சாதிய எழுதிட்டானாம். அது தெரியாம எம்புள்ளைக்கு நான் அதத்தான் நீட்டுனேன். பொய் சர்டிபிகேட் கேக்கறியான்னு தொரத்துனாங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆனா எடுக்காதன்னு சொன்னேனே, இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா?”

துள்ளியதை நினைத்துக் கலையரசனுக்குக் கூச்சமாக இருந்தது. “முகாம்லேர்ந்து வந்த அட்டையில ஊர் விலாசம் இருக்கே, அத மட்டும் காட்டலாமே மேடம்?”

“காட்டினா, பட்டாளத்துக் காயிதம் எங்கன்னு கேப்பாங்க. அதக் குடுத்தா, திருத்துனதுக்குப் பொண்ணு மேல கேஸ் வரும். காயிதமே இல்லன்னா சாட்சி வெச்சு விசாரிப்பாங்க.”

திங்கட்கிழமை அண்ணன் தம்பி இருவரும் அலுவலகத்தில் நின்றார்கள். அதிகாரி படிவத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

“உங்க தாத்தா வெளியூர் எங்கனா போயிருந்தாரா? எஸ்டேட், பட்டாளம்?”

“இல்லீங்க சார்” என்றார் சின்னதுரை. “மலைய வுட்டு எறங்குனதே இல்லீங்க.”

“சாட்சி?”

முருகவேல் முன்னால் வந்து கட்டைவிரலை நீட்டினார்.