அசையாமல் உட்கார்ந்தவள்

புதுப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற தெருவின் கோடியில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு ஹரிப்ரியா குடிவந்தது மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம். அவள் கணவன் சுதாகருக்குக் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்துபோய் மனுஷனுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டில் மத்தியானத்திலும் கூடத்துக்கு லைட் போட வேண்டும். சுவரைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும். எத்தனை முறை கழுவிவிட்டாலும் உப்பும் நனைந்த கோணியும் கலந்த ஒரு வாடை தரையை விட்டுப் போகவில்லை. போனால் போகிறது, கொலு வைக்க இவ்வளவு பெரிய கூடம் வேறு எங்கே கிடைக்கும் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கொலு என்றால் அவளுக்குப் பைத்தியம். வருஷம் பூராவும் பொம்மை சேர்ப்பாள். நவராத்திரி வந்துவிட்டால் தினமும் சாயந்திரம் படம் பிடித்துத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவாள். பிளாஷ் மட்டும் போடமாட்டாள். போட்டால் பெயிண்ட் பளபளத்து பொம்மையின் முகக்களையே போய்விடுமாம். குத்துவிளக்கு வெளிச்சமே போதும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டர் நிதானமாக மூடுகிற மாதிரி வைத்துவிடுவாள். க்ளிக் என்று திறக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்புறம் க்ளக் என்று மூடும். அந்த இடைவெளியில் அசையாமல் இருந்ததெல்லாம் தெளிவாக விழும், அசைந்தது கலங்கிவிடும்.

கலங்குவதற்கென்றே அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஒரே மகள் சஷ்டிகா, அஞ்சு வயசு, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். சோற்றை வாயில் வாங்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் அவளுக்கு இறங்கும். ஒவ்வொரு வருஷக் கொலுப் படத்திலும் படிக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடை நிறத்தில் ஒரு புகை நிற்கும். அதுதான் சஷ்டிகா என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

கொலு வைக்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும். அது முறை. இந்த வருஷம் வீடு மாற்றின அலைச்சலில் பொம்மை வாங்கப் போக நேரமில்லை, மழை வேறு. பரணைப் பெருக்க ஏறியபோது பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஒரு காகிதக்கூழ் பொம்மை ஹரிப்ரியாவின் கையில் சிக்கியது. பச்சைப் பாவாடை, மடியில் கோத்த கைகள், அகலத் திறந்த கண்கள். சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெண். முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனதாக இருக்கும். யாரோ விட்டுப்போனதைப் புதுப் பொம்மை என்று சாமிக்குக் கணக்குக் காட்டலாமா? நம் வீட்டுக்கு இது புதுசுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, குங்குமம் வைத்து, கீழ்ப்படியில் உட்காரவைத்தாள். ஊரில் எல்லோரும் வினையை விலை கொடுத்து வாங்குவார்கள். இவள் அதை இலவசமாகவே பரணிலிருந்து இறக்கினாள்.

முதல் நாள் சாயந்திரம் சஷ்டிகாவை அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்கப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் புகைதான் விழுந்தது. அடுப்பில் சுண்டல் அடிப்பிடிக்கிற வாடை வந்தது. ஹரிப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒரு படம் உருப்படியா எடுக்க விடமாட்டியாடி? இந்தப் பொம்மைய பாரு, எவ்ளோ சமத்தா உக்காந்துனு இருக்கு. நீ அங்க போய் பொம்மையா இரு. அது எனக்குப் பொண்ணா வரட்டும். சரியா?”

குழந்தையின் உதடு பிதுங்கியது. அம்மாவுக்குக் கோபம் தீர்ந்தால் போதும் என்று இருந்தது அதற்கு.

“சரிம்மா.”

க்ளிக்.

விளக்கின் சுடர் ஒரு தடவை படுத்து எழுந்தது.

க்ளக்.

படத்தைப் பார்த்த ஹரிப்ரியாவுக்கு நம்பமுடியவில்லை. சஷ்டிகாவின் இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்திலிருந்த பச்சைப்பாவாடைப் பொம்மை மட்டும் கலங்கியிருந்தது. படி ஆடியிருக்கும் என்று அதைப் பொருட்படுத்தாமல், மகளைக் கட்டி முத்தமிட்டாள். அந்தப் படத்துக்குக் குவிந்த லைக்கைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள், பாவி.

மறுநாளும் பொம்மை கலங்கியே விழுந்தது. அதற்கு மறுநாளும். அதே படியில் இருந்த செட்டியார் பொம்மையின் தொப்பை பளிச்சென்று தெரிய, பச்சைப்பாவாடை மட்டும் கலங்கல். படிக்கு அடியில் அட்டை செருகிப் பார்த்தாள். பொம்மையை மேல்படிக்கு மாற்றினாள். கலங்கலும் கூடவே மேல்படிக்குப் போனது.

“லென்ஸ்ல தூசு இருக்கும்” என்றான் சுதாகர். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

அவள் லென்ஸைத் துடைத்தாள். தூசு எதுவும் இல்லை.

சஷ்டிகா சமத்தாகிவிட்டாள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். ஊட்டினதை விழுங்கினாள். முதல் இரண்டு நாள் ஹரிப்ரியாவுக்கு அது கும்பிட்ட தெய்வம் கண் திறந்த மாதிரி இருந்தது. அப்புறம் வீட்டில் கொலுசுச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. சமையலறையிலிருந்து திரும்பினால் குழந்தை சப்பணமிட்டு, மடியில் கை கோத்து, அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரமாகவோ. பக்கத்தில் போனால் தலையில் எண்ணெய் வாடை இல்லை. பழைய துணியின் வாடை அடித்தது.

சரஸ்வதி பூஜையன்று மீன்காரக் காசியம்மாள் வந்தாள். புரட்டாசியில் மீன் யார் வாங்குகிறார்கள்? சுண்டல் வாங்கத்தான் வந்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் கொலுவைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள்.

“இத்த ஏம்மா கீழ எறக்கின?”

“எதை?”

“பச்சப் பாவாட. இங்க மின்னாடி இருந்தவங்களுது.” அவள் குரல் தணிந்தது. “அவங்க பொண்ணும் செம வாலு. என் கூடையில கைய வுட்டு நண்டப் புடிச்சி இழுக்கும். ஒரு கொலுவுக்கு அப்பால அப்டியே அடங்கிப் போச்சி. சொன்ன எடத்துல குந்திகினு கீது. பெத்தவளுக்கு மொதல்ல சந்தோசம். அப்பால அவளே எங் கையப் புடிச்சிகினு அழுதா, ‘இது எம் பொண்ணு இல்லக்கா’ன்னு. வூட்ட காலி பண்ணிகினு போய்ட்டாங்க. இத்த மட்டும் எடுத்துகினு போவல.”

சுண்டலை வாங்காமலே அவள் போய்விட்டாள்.

அன்று ராத்திரி ஹரிப்ரியாவுக்குத் தூக்கமே இல்லை. பொம்மைதான் பீடை, அதுதான் பிள்ளையைப் பிடித்து ஆட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? விஜயதசமியன்று சாயந்திரம் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து ஆரத்தி எடுத்துக் கொலுவை முடிப்பதற்குப் பதில், பச்சைப்பாவாடையை அதே வேட்டியில் இறுகச் சுற்றித் தன் கையாலேயே சுதாகரிடம் கொடுத்தாள்.

“ஏங்க, கடல்ல போட்டுடுங்க. திரும்பிப் பாக்காம வந்துடுங்க.”

“நானும் அப்பாகூட போறேன்” என்றது குழந்தை. ஒரு வாரத்தில் அது தானாகக் கேட்ட முதல் விஷயம். ஹரிப்ரியா சரி என்றாள்.

அவர்கள் போன பிறகு, மனசு நிலைகொள்ளாமல் கேமராவை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கலங்கல் எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் நீண்டிருந்தது.

கேமராவின் பக்கம். அவள் நின்ற பக்கம்.

மடியில் கோத்திருந்த கைகள் பிரிந்து, இரண்டும் மேலே தூக்கி, அவளை நோக்கி. தூக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு குழந்தை கையை நீட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி. ஒரு படத்தில் வாய் இருந்த இடம் கறுப்பாகத் திறந்திருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு நிமிஷம்கூட உட்காரத் தெரியாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

ஹரிப்ரியா செருப்பில்லாமல் ஓடினாள். முள் குத்தியது தெரியவில்லை, தெருவில் யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை. மணல்மேடு ஏறியதும் சுதாகரின் முதுகு தெரிந்தது. பொம்மையைச் சுற்றியிருந்த வேட்டி மணலில் அவிழ்ந்து கிடந்தது. அவன் கை காலியாக இருந்தது.

“இன்னும் தூரமா போட்டிருக்கலாம்ப்பா” என்று குழந்தை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

புரட்டாசிக் கடல் அன்று சரியாக இல்லை. ஹரிப்ரியா நேராக அதற்குள் இறங்கினாள். முதல் அலை அவளைக் கீழே தள்ளியது. எழுந்தாள். இரண்டாவது அலைக்கு அப்பால் பச்சையாக ஏதோ மேலும் கீழும் போயிற்று. “அம்மா வந்துட்டேன்டி, அம்மா வந்துட்டேன்” என்று அலறிக்கொண்டு, வாய் நிறைய உப்புத் தண்ணியோடு, கையை வீசி எட்டிப் பிடித்தாள். சுதாகர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

“ப்ரியா, உனக்கு இன்னா ஆச்சு? பொண்ணு தோ நிக்கிறா, பாரு.”

அவள் பார்த்தாள். அவளுடைய மகளின் முகம் கொஞ்சமும் பதறாமல் அவளைத் திரும்பிப் பார்த்தது. ஹரிப்ரியா பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணைப் பொம்மைக்கு எதிரே உட்காரவைத்தாள். அன்று சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். காலில் விழாத குறையாகச் சொன்னாள்.

“நீ அங்க போயிடு தாயி. அவ இங்க வரட்டும். சரியா?”

அது தலையை ஆட்டவில்லை.

“அன்னிக்கு அவ சரின்னு சொன்னா,” என்றது மெதுவாக. “நான் சொல்ல மாட்டேன்.”

ஐப்பசி வந்துவிட்டது. அந்த வீட்டில் மட்டும் கொலு இன்னும் கலையவில்லை. விஜயதசமி தாண்டிப் பொம்மையை வைத்திருப்பது வீட்டுக்கு ஆகாது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். சுதாகர் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் கொடுத்த மாத்திரை அலமாரியில் இருக்கிறது. சாயந்திரமானால் ஹரிப்ரியா விளக்கேற்றி, கேமராவை நிறுத்தி, பச்சைப்பாவாடையை ஒரு படம் எடுக்கிறாள். கலங்கியிருந்தால் பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு மறுநாள் அடுப்படியில் கை ஓடும்.

ஆனால் கலங்கல் குறைந்துகொண்டே வந்தது.

முதலில் பாவாடை தெளிந்தது. அப்புறம் தோள். போன வாரம் வாய் மூடிக்கொண்டது.

“ஆடுடி கண்ணு,” என்று அவள் படிக்கு முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். “ஓடு, குதி, எதை வேணா ஒட. அம்மா இனிமே திட்டவே மாட்டேன்.”

இன்றைக்கும் கெஞ்சினாள். பின்னால், கதவோரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆறுதல்தான் சொன்னது.

“பழக நாளாகும்மா. எனக்கும் மொதல்ல அழுகதான் வந்துச்சு.”

ஹரிப்ரியா திரும்பவில்லை. பட்டனை அழுத்தினாள். க்ளிக். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். க்ளக்.

பாவாடை மடிப்பு தெளிவாக இருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. மடியில் கைகள் கோத்து, முகம் சமத்தாக நேரே பார்த்தது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள்.

ஒரு சுண்டுவிரல் நுனியில் மட்டும், துளியூண்டு கலங்கல் மிச்சமிருந்தது.