ஓடு

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது சோபா அமுங்கவில்லை. எப்போதும் அவர் உட்கார்ந்தால் இவள் பக்கம் மெத்தை மெல்ல எழும்பும்.

"இளைச்சுட்டீங்களா?"

"உன் சமையல் அப்படி," என்று சிரித்தார். குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தது அந்தச் சிரிப்பு.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளின் மேல் சிலிக்காவும் ரப்பர் போன்ற வேறொன்றும் கலந்து ஓடு கட்டுவார்கள். காயும்போது ஓடு சுருங்கி, முண்டும் மடிப்புமாகச் சொரசொரக்கும். பெயிண்டில் கலந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்புதான் வேண்டும். பிறகு கரைப்பானில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் மணி கரைந்து, ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். ஓடு மட்டும் அப்படியே நிற்கும்.

போன வாரம் அந்த ஓடுகளின் பொடி இருந்த ஜாடி அவர் கைதவறி உடைந்தது. மாஸ்க்கூடப் போடாமல் பெருக்கினார். "பவுடர் பூசிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இவள்தான் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து காலையில் அவர் தலையணை நனைந்திருந்தது. வியர்வை இல்லை. கொழகொழவென்று, இனிப்பு வாடையோடு ஏதோ ஒன்று. டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், நகர்த்தினார், வேறொன்றை வாங்கி வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார்.

இன்று காலை இவள் தலையணையும் நனைந்திருந்தது.

"பின்கழுத்துல அரிக்குது, கொஞ்சம் பாரேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்கால வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. இவள் காலரை விலக்கினாள். தோலெங்கும் சின்னச் சின்ன முண்டுகள், நடுவே மடிப்புகள். தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவை. விரலை வைத்தாள்.

விரல் உள்ளே போனது.

சத்தமில்லை. ரத்தமில்லை. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏதாவது இருக்காம்மா?"

குனிந்தாள். ஓட்டைக்கு நேராகக் கண்ணை வைத்தாள்.

ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு.

இல்லை, முழு இருட்டு இல்லை. எதிரே, முகத்தின் உட்புறத்தில், இரண்டு சிறு வட்டங்கள் வழியாக வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

இரண்டும் ஒருசேர மறைந்தன. மறுபடி தெரிந்தன.

அவர் கண் சிமிட்டினார்.